பதினொன்றரை மணிக்கு வந்த சரி

மார்ச் 4

அன்புள்ள ஆகாயவாசிக்கு,

கையில் போனை வைத்துக்கொண்டு கடிதம் எழுதுகிறவள் இந்தக் காலத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். போனில் பேசினால் பாதியிலேயே குரல் கம்மிவிடும். நீங்கள் "என்னம்மா, சளியா?" என்பீர்கள். நான் ஆமாம் என்பேன். அதோடு பேச்சு முடிந்துவிடும். அதனால்தான் காகிதம்.

நிரந்தர வேலைக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஆறு மாதத்துக்கென்று வந்த இந்தப் பல் கட்டும் கூடம் இனி என் இடம். பீங்கான் பிரிவுக்கு நான் பொறுப்பு. ஆறு பேர் செய்கிற பற்கள் என் கண்ணைத் தாண்டித்தான் டாக்டர்களுக்குப் போகும். நேற்று முதல் வேலையாக ஒரு முன்பல்லைத் திருப்பி அனுப்பினேன். பக்கத்துப் பல்லைவிட ஒரு சாயல் கூடுதல் வெள்ளை. செய்தவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டாலும் மறுபடி செய்து கொடுத்தார்.

சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று உறுத்துகிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரி இருபதாம் தேதி காலை பதினொன்றரைக்கு உங்களுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். "இங்கேயே நிரந்தரமா இருக்கச் சொல்றாங்க. இருந்துடட்டுமா?" அனுப்பிய விரலை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது. "சரிம்மா. உனக்கு எது நல்லதுன்னு படுதோ அதையே செய்."

கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கூடவே இருந்தவள் இனி வீட்டுக்கு வரவில்லை என்கிறாள். அதற்கு ஒரு பெருமூச்சு விடக்கூடவா உங்களுக்கு நேரமில்லை? வேலை நேரத்தில் போனைத் தொடக்கூடாது என்ற விதியை மீறி எனக்கு உடனுக்குடன் பதில் போடுகிறீர்களே என்று கொஞ்ச நாளாகப் பூரித்துப் போயிருந்தேன். அன்றைக்கு அந்த வேகமே எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனிலும் கேட்டேன். "நான் கேட்டதுக்கு நிஜமாவே சரிதானா?" என்றேன். "அட, அதுல என்ன இருக்கு, சரிதான்" என்றீர்கள். பின்னால் டிவி சத்தம்.

நான் இல்லாமல் வீடு அவ்வளவு வசதியாகவா இருக்கிறது? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

உங்கள்
பல்லுக்காரி


மார்ச் 8

அன்புள்ள பல்லுக்காரிக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். என்ன கையெழுத்து, என்ன நிரந்தரம் என்று ஒன்றும் புரியவில்லை. போனை எடுத்துத் தேடினேன். நீ சொன்ன செய்தி இருக்கிறது, அதற்குக் கீழே என் பதிலும் இருக்கிறது. இரண்டையும் இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

அந்தப் பதிலை நான் எழுதவில்லை. என் போனில் இருக்கிற ஒரு ஆப் எழுதியது.

நீ திட்டுவதற்கு முன் முழுக்கச் சொல்லிவிடுகிறேன். நான் காலையில் கிரேன் கூண்டுக்குள் ஏறினால் மத்தியானம் வரை கை இரண்டும் கட்டுப்பாட்டுக் கம்பியில்தான். போனைத் தொட்டால் முதல் தடவை எச்சரிக்கை, இரண்டாம் தடவை வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். நீயோ அங்கே போன புதிதில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கேள்வி கேட்டாய். திரைச்சீலை நீலமா, பச்சையா? பஸ்ஸில் போகட்டுமா, நடக்கட்டுமா? நான் இறங்கி வந்து பார்த்தால் கடைசிச் செய்தி "சரி விடுங்க" என்று இருக்கும். அந்த "சரி விடுங்க"வுக்கு எனக்கு எவ்வளவு பயம் என்று உனக்கே தெரியும்.

உன் அக்கா வீட்டுக்காரரிடம் போய் நின்றேன். என் சகலைக்குத்தான் இதெல்லாம் அத்துப்படி. "போன் செய்யற வேலைய நீ ஏன்யா செய்யற? அதுக்குன்னு ஆப் இருக்கு" என்று மூன்றைக் காட்டினார்.

முதல் ஆப் பரம சாது. வேலை இடத்துக்குப் போனால் சத்தத்தை அணைக்கும், வீட்டுக்கு வந்தால் திறந்துவிடும், அவ்வளவுதான். மூன்றாவது ஆப் என் செய்தி எல்லாவற்றையும் படித்து, நான் பேசுகிற மாதிரியே பேசக் கற்றுக்கொள்கிறேன் என்றது. நான் பேசுவதே "ம்", "சரி" இரண்டுதான், அதற்கா இத்தனை படிப்பு என்று விட்டுவிட்டேன். நடுவில் இருந்த இரண்டாவது ஆப்பைத் தேர்ந்தெடுத்தேன். அதில் நாமே கட்டம் போட்டு, "இது நடந்தால் அதைச் செய்" என்று கோடு இழுத்துக் கொடுக்க வேண்டும். பழகுவதற்கு நான்கு ஞாயிற்றுக்கிழமை ஆனது. ஒரு தடவை கோட்டை மாற்றி இழுத்துவிட்டேன். வேலை இடத்து வாசலில் நுழையும்போது போன் எல்லார் முன்னாலும், "வீட்டுக்கு வந்தாச்சு, செருப்பைக் கழட்டு" என்று கத்தியது. இன்றைக்கும் கம்பி கட்டுகிறவர்கள் என்னைப் பார்த்தால் செருப்பைக் கழற்றிக் காட்டுகிறார்கள்.

உனக்காகப் போட்ட கட்டம் இதுதான்: நான் வேலை இடத்தில் இருக்கும்போது உன்னிடமிருந்து கேள்வி வந்தால் அந்த வாக்கியத்தை அனுப்பு, செய்தியைப் படித்ததாகக் குறி. ஆரம்பத்தில் சாயங்காலம் இறங்கி வந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் திரைச்சீலை மாதிரியான கேள்விகள்தான். போகப் போகப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

தப்புதான். ஆனால் அந்தச் சரி நான் சொன்னதல்ல, அதை மட்டும் நம்பு. மற்றதை, இந்தக் கடிதம் கிடைத்ததும் போனில் பேசலாமா?

உன்
மேலே இருக்கிறவன்


மார்ச் 12

மேலே இருக்கிறவருக்கு,

போனில் வேண்டாம். இது தீரும்வரை போனே வேண்டாம். அதில் பேசுவது நீங்களா, உங்கள் கட்டமா என்று எனக்குத் தெரியாது. கையெழுத்து என்றால் தெரியும். உங்கள் கோணல் எழுத்தை எந்த ஆப்பாலும் எழுத முடியாது.

அக்காவிடம் பேசினேன். அவளோடு பேச எனக்குத் தடையில்லை. அந்த வாக்கியத்தைப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். அப்புறம், "அடியேய், எங்க வீட்டுலயும் ஆறு மாசமா இதே வசனம்தான்டி. எழுத்து பிசகல. மனுஷன் திருந்திட்டார்னு நான் கண்ணு பட்டுடும்னு யார்கிட்டயும் சொல்லாம வெச்சிருந்தேன்" என்றாள். இன்று மத்தியானம் அவள் உங்கள் சகலைக்கு ஒரு செய்தி அனுப்புவதாக இருக்கிறாள். "உங்க பைக்கை வித்துடட்டுமா?" என்று. பதில் வந்ததும் விற்றுவிடுவாளாம். உங்கள் சகலைக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

சிரிப்பதற்காக இதை எழுதவில்லை. சிரித்து முடித்த பிறகு பழைய செய்திகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பல்லின் நிறத்தை ஒப்பிடுகிறவள் இல்லையா, அதே கண்ணோடு பார்த்தேன். என் பிறந்த நாளுக்கு வாழ்த்து சரியாகக் காலை ஆறு மணிக்கு வந்திருக்கிறது. ஆறு மணிக்கு நீங்கள் குப்புறப் படுத்துத் தூங்குகிறவர். ஆக அது ஆப். ஜனவரியில் ஐந்து தடவை "அங்க மழை வருதாம், குடை எடுத்துக்கோ" என்று வந்தது. அதைக் கூடத்தில் இருக்கிற பெண்களிடம் காட்டினேன். "குடுத்து வெச்சவ நீ" என்றார்கள். அதுவும் ஆப்பா? சொல்லுங்கள். அதுவும்தான் என்றால் எனக்கு உண்மையிலேயே அழுகை வரும்.

இன்னொன்று. பதினொன்றரை மணிப் பதில் ஆப் எழுதியது, சரி. ஞாயிற்றுக்கிழமை போனில், "அட, அதுல என்ன இருக்கு" என்றது யார்? அந்தக் கேள்வியை நீங்கள் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் தாண்டவில்லை.

பல்லுக்காரி


மார்ச் 16

அன்புள்ள உனக்கு,

பூசி மெழுகாமல் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பேசியது நான்தான்.

"நான் கேட்டதுக்கு" என்று நீ ஆரம்பித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. நீ எதையோ கேட்டிருக்கிறாய், ஆப் பதில் சொல்லியிருக்கிறது, எனக்கு ஒன்றும் தெரியாது. "எதைக் கேட்ட?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்டால் நான் உன் செய்திகளைப் படிப்பதே இல்லை என்று தெரிந்துவிடும். கையும் களவுமாக மாட்டிக்கொள்வேன். திரைச்சீலையாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சரி போட்டுவிட்டேன். போன கடிதத்தில் எல்லாவற்றையும் ஆப்பின் தலையில் கட்டினேன். முதல் சரிதான் ஆப் சொன்னது. இரண்டாவது சரியை நானே என் வாயால் சொன்னேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கீழ்க்காரரிடம் இதைச் சொன்னேன். தரையில் நின்று வாக்கிடாக்கியில் எனக்கு வழி சொல்கிறாரே, அவர். நாங்கள் எப்படி வேலை செய்கிறோம் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேனோ என்னவோ. அவர் "தூக்கு" என்றால் உடனே தூக்க மாட்டேன். "தூக்கறேன்" என்று நான் திரும்பச் சொல்லி, அவர் "ஆமா" என்ற பிறகுதான் கம்பியை நகர்த்துவேன். எட்டு வருஷமாக ஒரு நாளும் இதில் பிசகியதில்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "ஒரு மூட்டை சிமென்ட் தூக்க என்கிட்ட ரெண்டு தடவ கேக்கறவன் நீ. அந்தம்மா கேட்டத ஒரு தடவ திரும்பக் கேக்கத் தோணலையா?" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உனக்குப் பதில் சொல்கிற கட்டத்தை அழித்துவிட்டேன். பிறந்த நாள் கட்டத்தையும் அழித்துவிட்டேன். கூண்டில் ஏறினால் சத்தத்தை அணைக்கிற கட்டத்தை மட்டும் விட்டிருக்கிறேன். அது வேலைக்கு வேண்டும்.

குடை ஆப்தான். ஆனால் இதையும் கேள். டிசம்பரில் ஒரு சாயங்காலம் நீ தும்மிக்கொண்டே பேசினாய். போனை வைத்த பிறகு உன் ஊரில் மழை எப்போது வரும் என்று பார்க்கத் தோன்றியது. தினமும் பார்க்க மறந்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் உட்கார்ந்து கட்டம் போட்டேன். உன் தெருப் பெயரையே கொடுத்தேன், சாரல் அடித்தாலும் சொல் என்றேன். முக்கால் மணி நேரம் ஆனது. செய்தியை அனுப்பியது போன்தான். நனையக்கூடாது என்று நினைத்தது யார் என்று நீயே சொல். அதை அழிக்கவா, விடவா? உன் இஷ்டம் என்று எழுத வந்தேன், கை கூசியது. எனக்கு விடத்தான் ஆசை.

சகலையின் பைக் தப்பித்தது. வாங்க வந்தவர் டயர் சரியில்லை என்று போய்விட்டார். சகலை என்னோடு பேசுவதில்லை.

உன்
நான்


மார்ச் 20

அன்புள்ள உங்களுக்கு,

குடை இருக்கட்டும்.

நீங்கள் ஞாயிற்றுக்கிழமையை ஒப்புக்கொண்ட பிறகு நான் மட்டும் உத்தமி வேஷம் போட்டுக்கொண்டிருந்தால் எனக்கே அடுக்காது. இதை எழுத மூன்று காகிதம் கிழித்துவிட்டேன்.

உங்களுக்குச் செய்தி அனுப்பியது பதினொன்றரைக்கு. மேலாளர் அறையில் கையெழுத்துப் போட்டது அன்றைக்குக் காலை பத்து மணிக்கு.

அவர் பேனாவை நீட்டினார். "வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் மேசைமேல் நான் செய்த பற்கள் ஒரு வரிசை இருந்தது. எந்த டாக்டரும் திருப்பி அனுப்பாத பற்கள். அதைப் பார்த்ததும் கை தானாக எழுதிவிட்டது. அங்கே நம் ஊரில் பன்னிரண்டு வருஷம் வேலை செய்தேன். ஒருத்தர்கூட, "இது யார் செஞ்சது?" என்று கேட்டதில்லை. இங்கே கேட்கிறார்கள்.

வெளியே வந்து வேலையில் உட்கார்ந்தேன். அப்புறம்தான் கேட்டேன். போன் செய்து கேட்டிருக்கலாம். செய்யவில்லை. காலையில், "சோப்பு தீர்ந்து போச்சு, அதே வாங்கவா?" என்று ஒரு செய்தி அனுப்பியிருந்தேன், அதற்குக் கீழேயே இதையும் அதைப்போலச் சாதாரணமாகப் போட்டேன். பெரிதாகக் கேட்டால் நீங்கள் பெரிதாகப் பதில் சொல்லிவிடுவீர்களோ என்று பயம். சரி வந்ததும் பாரம் இறங்கியது. ஒரு மணி நேரம்தான். அப்புறம் ஏன் இந்த மனுஷன் மல்லுக்கு நிற்கவில்லை என்று கோபம் வந்தது. இது என்ன நியாயம் என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் அப்படித்தான் இருந்தது.

மேலாளரிடம் பேசினேன். என் காகிதம் முப்பத்தொன்றாம் தேதிதான் தலைமை அலுவலகத்துக்குப் போகுமாம். அதுவரை திரும்பக் கேட்டால் கொடுத்துவிடுவாராம். ஆறு மாதம் முடிந்ததும் நான் வீட்டுக்கு வந்துவிடலாம்.

எனக்கு உங்கள் பதில் வேண்டும். அந்த ஆப் இல்லாமல் இருந்திருந்தால், கூண்டிலிருந்து இறங்கி வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, அந்தச் செய்தியைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? எனக்கு நல்லது என்று படுவதை நான் பார்த்துக்கொள்கிறேன். உங்களுக்கு என்ன பட்டிருக்கும்? உடனே எழுத வேண்டாம்.

பல்லுக்காரி


மார்ச் 22, சனி

வேண்டாம்.

அங்கே இருக்க வேண்டாம். இங்கே யாருக்கும் பல்லே விழுவதில்லையா? ஆறு மாதம் என்றாய், சரி என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வரை வந்தேன். அதற்கு நீ கொடுக்கிற மரியாதை இதுதானா? இந்த வீட்டில் தனியாகச் சாப்பிட்டு எனக்கு நாக்கு செத்துவிட்டது. பேச ஆளில்லாமல் டிவியைப் போட்டுவிட்டு எதிரில் உட்காராமல் அடுத்த அறையில் உட்காருகிறேன், சத்தம் இருந்தால் போதும் என்று. நீ வரவேண்டும். காகிதத்தைத் திரும்ப வாங்கு.

இன்றைக்கு இவ்வளவுதான். கோபமாக இருக்கிறேன்.

மார்ச் 23, ஞாயிறு

பத்து மணிக்குக் கையெழுத்து, பதினொன்றரைக்குக் கேள்வியா? நன்றாக இருக்கிறது. நீ முடிவு செய்த பிறகு கேட்டாய், நான் கேட்காமலே பதில் சொன்னேன். ஜாடிக்கேற்ற மூடிதான்.

காலையிலிருந்து உம்மென்று இருக்கிறேன். துணி துவைத்தேன். உன் அலமாரியைத் திறந்து பார்த்து மூடினேன். நான் கோபமாக இருப்பதைப் பார்க்க வீட்டில் ஒரு ஆள் வேண்டாமா? நீ இருந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடப்பேன். நீ கண்டுகொள்ளாத மாதிரி பாத்திரத்தைச் சத்தமாக வைப்பாய். மத்தியானத்துக்குள் யாராவது ஒருத்தர் சிரித்துவிடுவோம். இங்கே பாத்திரத்தைச் சத்தமாக வைக்கவும் நானே வேண்டியிருக்கிறது.

சாயங்காலம் சகலை வந்தார். சமாதானமாகிவிட்டோம். மூன்றாவது ஆப்பை எடுத்திருந்தால் மாட்டியிருக்க மாட்டோம் என்கிறார். உன் அக்காவிடம் சொல்லாதே.

மார்ச் 24, திங்கள்

இன்று பலத்த காற்று. காற்று அடித்தால் எதையும் தூக்கக் கூடாது. இறங்குவதும் ஆபத்து. இரண்டு மணி நேரம் கூண்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். கீழே நான் தூக்கிக் கொடுத்த இருபத்தொரு மாடி. என் பெயர் அதில் எங்கேயும் இருக்காது. ஆனால் தெருவில் போகும்போது நிமிர்ந்து பார்ப்பேன். "இது யார் செஞ்சது?" என்று உன்னை அங்கே கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் உன் எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கிறது. நீ கவனித்திருக்க மாட்டாய்.

அதைத் திரும்ப வாங்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாங்காதே.

உண்மையில் நடந்திருக்கக் கூடியது இதுதான். அன்றைக்கு இறங்கி வந்து படித்திருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். மூன்று நாள் மூக்கால் அழுதிருப்பேன். மூன்றாம் நாள் சரி என்றிருப்பேன். ஆப் அந்த மூன்று நாளை விழுங்கிவிட்டது. கடைசியில் வந்து சேர்கிற இடம் ஒன்றுதானே என்று போன வாரம் நினைத்தேன். ஒன்று இல்லை. அந்த மூன்று நாளை நான் உனக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

இந்தக் கட்டடத்துக்கு இன்னும் நான்கு மாடி. ஜூலையில் கிரேனைப் பிரித்து இறக்கிவிடுவார்கள். உன் ஊரிலும் கட்டடம் கட்டுகிறார்கள், விசாரித்துவிட்டேன். கீழ்க்காரரை விட்டு வருவதுதான் கஷ்டம். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. வருத்தத்தோடு சரி.

உன்
நான்


மார்ச் 28

அன்புள்ள உங்களுக்கு,

காகிதத்தைத் திரும்ப வாங்கவில்லை. ஜூலைக்குள் வீடு பார்த்துவிடுகிறேன். தரைத்தளத்தில்தான் பார்ப்பேன். நாள் முழுக்க மேலே இருக்கிறவருக்கு வீடாவது மண்ணில் இருக்கட்டும். கீழ்க்காரரிடம் சீக்கிரம் சொல்லிவிடுங்கள். வேறு யாராவது சொல்லி அவருக்குத் தெரியக் கூடாது.

உங்கள் கடிதத்தைக் கூடத்தில் மத்தியான இடைவேளையில் பிரித்தேன். மூன்று நாளையும் படித்தேன். முதல் நாளை மட்டும் நான்கு தடவை படித்தேன். பக்கத்தில் இருந்த பெண், "ஊர்ல ஏதாவது கெட்ட செய்தியா?" என்று கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இல்லடி, என் வீட்டுக்காரர் நான் இங்க இருக்கக் கூடாதுங்கறார்" என்றேன். அதற்கு ஏன் இப்படிச் சிரிக்கிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை.

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் என்னிடம் எதற்கும் நீங்கள் வேண்டாம் என்று சொன்னதில்லை. அது நல்ல குணம் என்று ஊரெல்லாம் சொல்லும். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் நான் போனாலும் இருந்தாலும் இவருக்கு ஒன்றுதானோ என்ற சந்தேகம் பிப்ரவரியில் வந்ததல்ல. அதற்கு ரொம்ப முன்பே எனக்குள் இருந்தது. கேட்க வெட்கமாக இருந்தது.

இரண்டாம் நாளையும் மூன்றாம் நாளையும் பெட்டியில் வைத்திருக்கிறேன். சனிக்கிழமைப் பக்கம் என் பையில் இருக்கிறது.

உங்கள்
பல்லுக்காரி